படைமுகாமில் ஒரு பள்ளிக்கூடம்: போதகர் ஆலன்ஸ்வொர்த்தை அமெரிக்கா ஏன் நினைவுகூர்கிறது?

அமெரிக்காவில் பிப்ரவரி மாதம் கறுப்பின வரலாற்று மாதம். ஜூன் 19 அடிமை விடுதலையை நினைவுகூரும் நாள். இந்த இரண்டு சமயங்களிலும் ஒரு பெயர் அடிக்கடி கண்ணில் படும்: லெப்டினன்ட் கர்னல் ஆலன் ஆலன்ஸ்வொர்த். கலிஃபோர்னியாவில் அவர் பெயரில் ஒரு ஊர் இருக்கிறது, மாநில அரசு பராமரிக்கும் வரலாற்றுப் பூங்காவும் இருக்கிறது. "கறுப்பினச் சிப்பாய்களின் கல்விக்கு முன்னோடியாக இருந்த ராணுவப் போதகர்" என்று ஒரே வரியில் அவரை அறிமுகப்படுத்துவார்கள்.

அந்த ஒரு வரி பல கேள்விகளைக் கிளப்பிவிடுகிறது.

1. போதகரின் வேலை ஜெபமும் பிரசங்கமும்தானே, அவர் ஏன் பாடம் நடத்தினார்?
2. சிப்பாய்களுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? அதிலும் கறுப்பினச் சிப்பாய்களுக்கு என்று தனியாகச் சொல்லவேண்டிய தேவை என்ன?
3. ராணுவத்தில் பேர் எடுத்தவருக்கு நினைவிடம் ராணுவ முகாமில் இல்லாமல், கலிஃபோர்னியாவின் வறண்ட சமவெளியில் ஏன் இருக்கிறது?

மூன்றுக்கும் விடை தெரிய, அவர் பிறப்பதற்கும் முன்னால் இருந்து தொடங்க வேண்டும்.

சாப்ளின் என்றால் யார்?

படையினரின் ஆன்மிகத் தேவைகளைக் கவனிக்க ராணுவம் நியமிக்கும் மதகுருவுக்கு சாப்ளின் என்று பெயர். படைப் போதகர் என்று தமிழில் சொல்லலாம். ஆராதனை நடத்துவது, இறந்தவரை அடக்கம் செய்வது, காயம்பட்டவரைப் போய்ப் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அமெரிக்கப் படையில் இந்தப் பதவி 1775 முதலே இருக்கிறது. சாப்ளின் சீருடை அணிவார், அதிகாரிக்கான சம்பளம் வாங்குவார். ஆனால் போரில் படையை நடத்தும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஆலன்ஸ்வொர்த்தின் பதவியைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

போதகர் பாடமும் நடத்தவேண்டும் என்பது பழைய ஏற்பாடுதான். 1838இல் வந்த ஒரு சட்டம், படைமுகாம்களில் நியமிக்கப்படும் சாப்ளின்கள் பள்ளி ஆசிரியர் வேலையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று சொன்னது. எல்லையோர முகாம்களில் குழந்தைகளும் இருப்பார்கள், எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாய்களும் இருப்பார்கள். அங்கே படித்தவர் என்று ஒருவர் இருந்தால் அது பெரும்பாலும் போதகராகத்தான் இருக்கும். அதனால் இரண்டு வேலையும் ஒருவர் தலையில் விழுந்தது.

எழுத்தைக் கண்டு பயந்த சட்டங்கள்

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். கறுப்பினச் சிப்பாய்களுக்குக் கல்வி ஏன் தனிப் பிரச்சினையானது?

அடிமை முறை இருந்த தென்மாநிலங்கள் பலவற்றில், கறுப்பின மக்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருவதே குற்றம். தென் கரோலினா 1740லேயே அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தடை செய்தது. 1831இல் வர்ஜீனியாவும் 1847இல் மிசௌரியும் தங்கள் பங்குக்குச் சட்டம் போட்டன. மிசௌரியின் சட்டம் அடிமைகளோடு நிற்கவில்லை, சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவருக்கும் எழுத்தை மறுத்தது.

இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் இருந்தது பயம். ஒரு அடிமை வெளியூர் போகவேண்டுமென்றால் எஜமானர் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். எழுதத் தெரிந்தவர் அந்தச் சீட்டைத் தானே எழுதிக்கொள்ள முடியும். படிக்கத் தெரிந்தவர் வடக்கே அடிமை முறையை எதிர்ப்பவர்கள் வெளியிடும் செய்தித்தாளைப் படித்துவிட முடியும். எழுத்து தெரிந்தால் ஆள் தப்பிவிடுவான் என்று எஜமானர்கள் பயந்தார்கள். அவர்கள் பயந்தது சரிதான், ஆலன்ஸ்வொர்த்தே பிறகு தப்பித்துவிட்டார்.

1861இல் வடமாநிலங்களுக்கும் அடிமை முறையைக் காக்க நினைத்த தென்மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் தொடங்கியது. 1863 முதல் வட அரசின் படையில் கறுப்பினத்தவர் பெருமளவில் சேர்க்கப்பட்டார்கள். போர் முடிவதற்குள் சுமார் 1,79,000 பேர் தரைப்படையில் பணியாற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோர் நேற்றுவரை அடிமையாக இருந்தவர்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாதவர்கள். துப்பாக்கியைக் கையில் கொடுத்த அதே ராணுவத்திடம் அவர்கள் எழுத்துப் பாட நூலையும் கேட்டார்கள். முகாமில் தீ மூட்டி உட்கார்ந்து, ஓய்வு நேரத்தில் எழுத்துகளைப் படித்தார்கள்.

இந்தக் காலத்துக் கதை ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. மிசௌரியில் திரட்டப்பட்ட 62ஆவது, 65ஆவது கறுப்பினக் காலாட்படை ரெஜிமென்ட்களின் (பெரிய படைப்பிரிவுகளின்) சிப்பாய்கள் போர்க்காலத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். போர் முடிந்து ஊர் திரும்பும் வேளையில், தங்கள் சம்பளத்திலிருந்து 6,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். அதை வைத்து 1866இல் ஜெஃபர்சன் சிட்டியில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. இன்று லிங்கன் பல்கலைக்கழகம் என்று இருப்பது அதுதான். 19 ஆண்டுகளுக்கு முன் கறுப்பினத்தவருக்கு எழுத்தைத் தடை செய்த மாநிலத்தில், மாதம் சில டாலர் சம்பளம் வாங்கிய சிப்பாய்கள் பள்ளி கட்டினார்கள். கறுப்பினச் சிப்பாய்களின் கல்விக்கு முதல் முன்னோடி யார் என்று என்னைக் கேட்டால், எந்தப் போதகருக்கும் முன்னால் இவர்களைத்தான் சொல்வேன்.

1866ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு

போர் முடிந்தபின் 1866 ஜூலை 28 அன்று அமெரிக்க நாடாளுமன்றம் ராணுவத்தை மறுசீரமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நம் கதைக்கு அதில் தேவையானவை மூன்று.

1. சமாதான காலத்திலும் நிலைத்திருக்கும் வழக்கமான ராணுவத்தில், முதல்முறையாக ஆறு கறுப்பின ரெஜிமென்ட்கள் உருவாக்கப்பட்டன. 1869இல் அவை நான்காகச் சுருக்கப்பட்டன: 9ஆவது, 10ஆவது குதிரைப்படைகள், 24ஆவது, 25ஆவது காலாட்படைகள். பஃபலோ சோல்ஜர்ஸ் என்று வரலாற்றில் பெயர் பெற்றவர்கள் இவர்கள்தான்.

2. இந்த ரெஜிமென்ட்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாப்ளின் உண்டு. வெள்ளையர் ரெஜிமென்ட்களுக்கு இப்படித் தனிச் சாப்ளின் கிடையாது, முகாமுக்கு நியமிக்கப்பட்டவரே அங்கிருப்போருக்கெல்லாம் போதகர்.

3. அந்தச் சாப்ளின் சிப்பாய்களுக்கு அடிப்படைப் பாடங்களைக் கற்பிக்கவேண்டும் என்பதும் சட்டத்திலேயே எழுதப்பட்டது. வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவை அவை.

ஆக, கறுப்பினச் சிப்பாயின் கல்வி ஒரு நல்ல மனிதரின் இரக்கத்தில் தொடங்கியது இல்லை. அது சட்டப்படி அரசு ஏற்றுக்கொண்ட கடமை. இன்று ஆலன்ஸ்வொர்த்தைப் புகழும் பல குறிப்புகள் இதை விட்டுவிடுகின்றன. இதை விட்டுவிட்டால் அவர் செய்ததன் அளவும் புரியாது. சட்டத்தில் இருந்த ஒரு வரியைத் தினமும் நடக்கும் வகுப்பாக மாற்றிக் காட்டியதுதான் அவர் சாதனை. அந்த வரிக்கும் வகுப்புக்கும் இடையில் இருந்த தூரம் ரொம்ப அதிகம்.

சட்டம் இருந்தது, பள்ளி எங்கே?

ஒரு ரெஜிமென்ட்டுக்கு ஒரு போதகர் என்பது காகிதத்தில் நன்றாக இருக்கும். நடைமுறையில் ஒரு ரெஜிமென்ட்டின் உட்பிரிவுகளான கம்பெனிகள் ஒரே இடத்தில் இருந்ததே அரிது. டெக்சாஸிலோ நியூ மெக்சிகோவிலோ நூற்றுக்கணக்கான மைல் தள்ளித் தள்ளி இருந்த முகாம்களில் அவை சிதறிக் கிடந்தன. போதகர் ஒரு முகாமில் இருந்தால் மற்ற முகாம்களில் பாடம் இல்லை. புத்தகம், விளக்குக்கு எண்ணெய், வகுப்பறை என்று எதற்கும் போதுமான பணம் ஒதுக்கப்படவில்லை. பகலெல்லாம் சாலை போட்டு, தந்திக் கம்பம் நட்டு, காவல் நின்றுவிட்டு வருகிற சிப்பாய் இரவில்தான் பலகையைத் தொடமுடியும்.

தொடக்க ஆண்டுகளில் இந்தப் பதவிகளில் நியமிக்கப்பட்டவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். அவர்களில் அக்கறை இல்லாதவர்களும் உண்டு, உண்மையாக உழைத்தவர்களும் உண்டு. 25ஆவது காலாட்படையின் ஜார்ஜ் மல்லின்ஸ் இரண்டாவது வகை. 1870களில் டெக்சாஸில் அவர் நடத்திய பள்ளி நன்றாக நடந்ததைப் பார்த்து, பிறகு ராணுவம் முழுவதற்குமான கல்விப் பொறுப்பே அவரிடம் கொடுக்கப்பட்டது. அவரையும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றைப் படிக்கவேண்டும்.

ஆனாலும் கேள்வி ஒன்று இருந்துகொண்டே இருந்தது. நான்கு கறுப்பின ரெஜிமென்ட்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு போதகர். அந்த நான்கில் ஒரு இடத்தில்கூடக் கறுப்பினப் போதகர் இல்லையே, ஏன்? 1884இல்தான் ஹென்றி பிளம்மர் 9ஆவது குதிரைப்படைக்கு நியமிக்கப்பட்டு, வழக்கமான ராணுவத்தின் முதல் கறுப்பினச் சாப்ளின் ஆனார். அடுத்து வந்தவர் ஆலன்ஸ்வொர்த்.

திருட்டுத்தனமாகப் படித்த சிறுவன்

ஆலன் ஆலன்ஸ்வொர்த் 1842இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில்லில் அடிமையாகப் பிறந்தார். தாய் பிலிஸுக்கு 13 பிள்ளைகள், இவர் கடைக்குட்டி. கறுப்பினத் திருச்சபையின் தந்தையாகப் போற்றப்பட்ட ரிச்சர்ட் ஆலனை நினைத்து மகனுக்கு அந்தப் பெயரை வைத்தார் தாய். மகன் அவரைப் போலப் படித்துப் போதகர் ஆகவேண்டும் என்பது அவர் ஆசை.

எஜமானர் வீட்டுப் பையனுக்கு விளையாட்டுத் துணையாக ஆலனைக் கொடுத்தார்கள். அந்தப் பையன் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து ஆலனோடு "பள்ளிக்கூட விளையாட்டு" விளையாடுவான். காலையில் அவன் வகுப்பில் படித்தது மாலையில் ஆலனுக்கும் வந்து சேர்ந்துவிடும். இது தெரிந்ததும் இருவரையும் பிரித்தார்கள். கொஞ்ச காலம் அடிமை முறையை எதிர்த்த குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் வீட்டில் இருந்தபோது மறுபடி படிப்பு கிடைத்தது, அதுவும் நிறுத்தப்பட்டது. சுமார் 12 வயதில் ஹெண்டர்சன் பகுதியில் இருந்த பண்ணைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து தப்ப முயன்று பிடிபட்டார். கடைசியில் நியூ ஆர்லியன்ஸில் விற்கப்பட்டுக் குதிரைப் பந்தய ஜாக்கி ஆனார்.

போர் வந்தது. 1862இல் லூயிவில் அருகே தங்கியிருந்த இல்லினாய் மாநிலத்தின் 44ஆவது தன்னார்வப் படையினர் அவருக்கு ஒரு பழைய சீருடையைக் கொடுத்தார்கள். முகத்தில் சேற்றைப் பூசிக்கொண்டு, படையோடு படையாகத் தன் எஜமானரின் ஊரைக் கடந்து போனார். முதலில் அந்தப் படையின் மருத்துவப் பிரிவில் உதவியாளர், 1863 ஏப்ரலில் கடற்படையில் சேர்ந்தார், நதியில் ஓடிய போர்ப் படகுகளில் பணியாற்றினார். 1865இல் அங்கிருந்து விடுவிக்கப்பட்டபோது அவருக்கு வயது சுமார் 23.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். லூயிவில்லில் விடுதலை பெற்றவர்களுக்கான பள்ளியில் படித்தார், கென்டக்கியில் அதே போன்ற பள்ளிகளில் ஆசிரியராக இருந்தார், நாஷ்வில்லில் இறையியல் படித்தார், 1871இல் பாப்டிஸ்ட் போதகர் ஆனார். 1877இல் ஜோசஃபின் லெவலை மணந்தார். அவரும் ஆசிரியை, பியானோ வாசிப்பவர். 1880இலும் 1884இலும் குடியரசுக் கட்சியின் தேசிய மாநாட்டுக்குக் கென்டக்கியின் பிரதிநிதியாகப் போனார்.

தன் ஜாதகம் இப்படி என்று எழுதிவைத்ததைப் போல, ராணுவம், ஆசிரியப் பணி, ஊழியம், அரசியல் நான்கும் அவரிடம் சேர்ந்திருந்தன.

நியமனம் கேட்டு ஒரு போராட்டம்

1882இல் ஒரு கறுப்பினச் சிப்பாய் அவரிடம் வந்து, எங்கள் ரெஜிமென்ட்களில் எங்கள் மக்களிலிருந்து ஒரு போதகர்கூட இல்லை என்று சொன்னார். ஆலன்ஸ்வொர்த் அந்தப் பதவிக்கு முயற்சி எடுத்தார். நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஆதரவைத் திரட்டினார். அதிபர் குரோவர் கிளீவ்லண்டுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். தன்னை முன்பு அடிமையாக வைத்திருந்த குடும்பத்தின் ஆதரவையும் பெற்றார்.

அதிபருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. வேலை தொடர்பான உறவு எங்கே முடிகிறது, சமூக உறவு எங்கே தொடங்குகிறது என்பது தனக்குத் தெரியும், அந்தக் கோட்டைத் தாண்டமாட்டேன் என்று அவர் உறுதி கொடுத்தார். காரணம் வெளிப்படை. போதகர் கேப்டன் அந்தஸ்து உள்ள அதிகாரி. கறுப்பின ரெஜிமென்ட்களிலும் அதிகாரிகள் அநேகமாக எல்லோரும் வெள்ளையர்கள். ஒரு கறுப்பின அதிகாரி தங்கள் வீட்டு விருந்துக்கும் மேசைக்கும் வந்துவிடுவாரோ என்பதுதான் அவர்கள் கவலை. தன் மக்களுக்குப் பள்ளி நடத்த அனுமதி வாங்க, தன்னைத் தானே சிறுமைப்படுத்திக்கொள்ளும் வாக்கியத்தை அவர் எழுதவேண்டியிருந்தது. இதை அவருடைய பணிவு என்று புகழ்ந்து எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அது அவரிடம் வசூலிக்கப்பட்ட விலை.

1886 ஏப்ரலில் கிளீவ்லண்ட் அவரை 24ஆவது காலாட்படைக்குச் சாப்ளினாக நியமித்தார். அப்போது வயது சுமார் 44.

ஃபோர்ட் பேயார்ட் பள்ளி

முதலில் இன்றைய ஓக்லஹோமாவில் இருந்த ஃபோர்ட் சப்ளை. பிறகு நியூ மெக்சிகோவின் சில்வர் சிட்டி அருகே ஃபோர்ட் பேயார்ட். "ஃபோர்ட்" என்றதும் வேலூர்க் கோட்டை, செஞ்சிக் கோட்டை நினைவுக்கு வந்தால் அதை விட்டுவிடுங்கள். மேற்கு அமெரிக்காவின் இந்த முகாம்கள் பலவற்றுக்கு மதில்சுவரே கிடையாது. நடுவில் அணிவகுப்பு மைதானம், சுற்றிலும் சிப்பாய் விடுதிகள், அதிகாரி வீடுகள், மருத்துவமனை, கடை, அவ்வளவுதான்.

இங்கேதான் ஆலன்ஸ்வொர்த்தின் முக்கியமான வேலை நடந்தது. போதகராக அவர் செய்ததில் புதுமை குறைவு. ஞாயிறு ஆராதனையில் ஜோசஃபின் ஆர்கன் வாசிக்க, பாட்டும் பிரசங்கமும் நடக்கும். ஆசிரியராக அவர் செய்தது வேறு தரத்தில் இருந்தது.

அதுவரை முகாம் பள்ளி என்றால் அன்று வந்தவருக்கு அன்று முடிந்ததைச் சொல்லித்தருவது. ஒருவர் எழுத்துக் கற்பார், பக்கத்தில் இன்னொருவர் வகுத்தல் கணக்கில் திணறிக்கொண்டிருப்பார். அடுத்த வாரம் ஒருவரைக் காவல் பணிக்கு அனுப்பிவிடுவார்கள், திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இல்லாததால், ஓரளவு படித்த சிப்பாய் ஒருவரையே ஆசிரியராக நிறுத்துவார்கள். அவருக்கும் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரியாது.

1889இல் ஆலன்ஸ்வொர்த் ஃபோர்ட் பேயார்ட் பள்ளிகளுக்காக ஒரு சிறு கையேட்டை எழுதினார். பாடத்திட்டத்தின் சுருக்கமும் முகாம் பள்ளிக்கான விதிகளும் அடங்கியது அது. இன்னின்ன பாடம், இன்ன வரிசை, பள்ளி நடக்கும் முறை இது என்று எழுத்தில் வந்துவிட்டது. ராணுவம் அந்தக் கையேட்டைச் சிப்பாய்க் கல்விக்கான மாதிரியாக ஏற்றுக்கொண்டது. பாடத்திட்டம் என்பது நமக்கு இன்று சலிப்பூட்டும் சொல். ஆனால் யோசித்துப் பாருங்கள். நல்ல ஆசிரியர் இடம் மாறிப்போனால் அவரோடு பள்ளியும் போய்விடும். பாடத்திட்டம் எழுத்தில் இருந்தால், சுமாராகப் படித்த ஒரு கார்ப்பரல்கூட நாளைக்கு வகுப்பைத் தொடரமுடியும். கம்பெனிகள் சிதறிக் கிடந்த ஒரு ரெஜிமென்ட்டுக்கு இதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது.

அடிமைச் சிறுவனாக இருந்தபோது படிப்பை அறுத்து அறுத்துப் போட்டார்கள் அல்லவா? விட்ட இடத்திலிருந்து தொடரவைக்கும் ஒரு முறையை அவரே உருவாக்கியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

1891இல் டொரொன்டோவில் கூடிய அமெரிக்க தேசியக் கல்விச் சங்கத்தின் மாநாட்டில், ராணுவத்தில் கல்வி எப்படி வளர்ந்தது என்பது பற்றி அவர் கட்டுரை வாசித்தார். எழுதப் படிக்கத் தடுக்கப்பட்டிருந்தவர், நாட்டின் ஆசிரியர்கள் முன்னால் நின்று கல்வி பற்றிப் பேசினார்.

எழுத்து தெரிந்தால் சிப்பாய்க்கு என்ன கிடைத்தது?

1. பதவி உயர்வு. ராணுவம் துப்பாக்கியால் ஓடுவதைப் போலவே காகிதத்தாலும் ஓடும். தினசரி ஆள் கணக்கு, காவல் முறைப்பட்டியல், ரேஷன், உடை, தோட்டா எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு. இதைப் பார்ப்பவர் கம்பெனியின் சார்ஜென்ட். எழுதத் தெரியாத சிப்பாய் எவ்வளவு வீரனாக இருந்தாலும் சார்ஜென்ட் வேலையை முழுதாகச் செய்ய முடியாது. ஆரம்ப ஆண்டுகளில் கறுப்பின ரெஜிமென்ட்களின் வெள்ளை அதிகாரிகளே உட்கார்ந்து எழுத்து வேலையைப் பார்க்கவேண்டியிருந்தது. படித்த சிப்பாய்கள் உருவானதும் ரெஜிமென்ட்டின் அன்றாட நிர்வாகம் கறுப்பினச் சார்ஜென்ட்களின் கைக்கு வந்தது.

2. பணம். சாதாரணச் சிப்பாயின் சம்பளம் மாதம் 13 டாலர். 1872 முதல் சிப்பாய்கள் தங்கள் சேமிப்பை ராணுவச் சம்பள அதிகாரியிடமே வட்டிக்குப் போட்டுவைக்கலாம். கணக்கு தெரிந்தவருக்குத்தான் தன் பணம் சரியாக இருக்கிறதா என்று தெரியும். கடையில் கடன் எழுதும்போதும் இதே கதைதான்.

3. ராணுவத்துக்கு அப்புறமான வாழ்க்கை. ஓய்வூதிய மனு, நிலப் பத்திரம், வேலை ஒப்பந்தம் என்று எதிலும் பெருக்கல் குறி போட்டுக் கைநாட்டு வைத்தவர் அடுத்தவரை நம்பித்தான் இருக்கவேண்டும்.

24ஆவது, 25ஆவது காலாட்படைகளில் படையைவிட்டு ஓடிப்போகிறவர்கள் மற்ற ரெஜிமென்ட்களைவிட மிகக் குறைவு. இதற்குப் பள்ளி மட்டுமே காரணம் என்று சொன்னால் மிகை. வெளியே கறுப்பினத்தவருக்கு நிலையான வேலையும் மரியாதையும் கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது.

சரி, இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இந்த ரெஜிமென்ட்கள் மேற்கில் இருந்ததற்குக் காரணம், பூர்வகுடி மக்களின் நிலத்தில் அரசின் பிடியை நிலைநாட்டுவது. அபாச்சி மக்களுக்கு எதிரான போர்களில் ஃபோர்ட் பேயார்டுக்குப் பங்கு உண்டு. விடுதலை பெற்ற மக்கள் எழுத்துக் கற்ற அந்த முகாம், இன்னொரு மக்களைச் சொந்த மண்ணிலிருந்து துரத்திய இயந்திரத்தின் ஒரு பகுதி. சிப்பாய்களின் பள்ளியைப் பாராட்டும்போது இதையும் பக்கத்தில் வைத்தே பார்க்கிறேன்.

"முதல் கறுப்பின லெப்டினன்ட் கர்னல்" என்பதன் பொருள்

1904இல் மேஜர். 1906இல் ஓய்வு பெறும்போது லெப்டினன்ட் கர்னல். இந்தப் பதவியை எட்டிய முதல் கறுப்பினத்தவர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். இதில் குழம்ப இடம் இருக்கிறது, இரண்டு விளக்கம் தேவை.

முதலாவது, உள்நாட்டுப் போர்க்காலத்து மருத்துவர் அலெக்சாண்டர் அகஸ்டா 1865லேயே லெப்டினன்ட் கர்னல் பட்டம் பெற்றவர். ஆனால் அது பிரெவெட் எனப்படும் கௌரவப் பட்டம். இரண்டாவது, ஆலன்ஸ்வொர்த்தின் பதவி சாப்ளின் பிரிவில் வந்தது, படையை நடத்தும் அதிகாரம் அதோடு சேராது. அத்தகைய அதிகாரத்தோடு உயர்ந்தவர் சார்ல்ஸ் யங், அவர் 1916இல் லெப்டினன்ட் கர்னல் ஆனார்.

கௌரவிப்பவர்களுக்குப் பதவிப் பெயர் வசதியானது, ஒரு பலகையில் அடங்கிவிடும். 1889ஆம் ஆண்டுக் கையேட்டை எப்படிப் பலகையில் எழுதுவது?

ஓய்வுக்குப் பின் ஒரு ஊர்

இனி மூன்றாவது கேள்வி. ஓய்வு பெற்ற ஆலன்ஸ்வொர்த் குடும்பத்தோடு லாஸ் ஏஞ்சலஸ் போனார். 1908இல் ஆசிரியர் வில்லியம் பெய்ன் முதலிய சிலரோடு சேர்ந்து, கலிஃபோர்னியாவின் துலாரி மாவட்டத்தில் ஒரு ஊரைத் தொடங்கினார். கறுப்பின மக்களே நிலம் வாங்கி, வீடு கட்டி, தாங்களே நிர்வகிக்கும் ஊர். அதற்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. ரெஜிமென்ட்டில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய்களும் அங்கே குடியேறவேண்டும் என்பது அவர் கனவு.

அங்கேயும் பள்ளிதான் முதலில் வந்தது. 1912இல் புதிய பள்ளிக் கட்டடம் எழுந்தது. 1913இல் ஜோசஃபின் தன் தாய் மேரி டிக்கின்சன் பெயரில் ஒரு நூலகத்தைக் கட்டிக் கொடுத்தார். 1914இல் அவ்வூரைச் சேர்ந்த ஆஸ்கர் ஓவர், கலிஃபோர்னியாவின் முதல் கறுப்பின அமைதி நீதிபதியாக (சிறு வழக்குகளைப் பார்க்கும் உள்ளூர் நீதிபதியாக) தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சரிவும் அந்த ஆண்டிலேயே தொடங்கியது. சாண்டா ஃபே ரயில் நிறுவனம் பக்கத்து ஊரான அல்பாவுக்குக் கிளைப் பாதை போட்டு, போக்குவரத்தை அங்கே திருப்பியது. நிலம் விற்ற கம்பெனி வாக்குக் கொடுத்த அளவு தண்ணீர் வரவில்லை. 1914 செப்டம்பர் 14 அன்று, மொன்ரோவியா என்ற ஊரில் பிரசங்கம் செய்யப் போன ஆலன்ஸ்வொர்த் மோட்டார் சைக்கிள் மோதி இறந்தார். ஊரில் ஒரு தொழிற்கல்விக் கூடம் அமைக்கும் திட்டமும் 1915இல் மாநில சட்டமன்றத்தில் தோற்றது. குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. 1966இல் குடிநீரில் ஆர்செனிக் நஞ்சு இருப்பது தெரியவந்தது.

இடித்துத் தள்ளப்பட இருந்த ஊரைக் காப்பாற்றியது, சிறுவயதில் அங்கே வாழ்ந்த கோர்னீலியஸ் போப் போன்றோரின் விடாத முயற்சி. 1970களின் நடுவில் மாநில அரசு அந்த இடத்தை வரலாற்றுப் பூங்காவாக்கியது.

கௌரவம் எத்தனை வகை?

ஒரே காலத்துப் போதகர்கள் இருவரை எடுத்துக்கொள்வோம்.

ஹென்றி பிளம்மரை 1894இல் ராணுவ நீதிமன்றம் விசாரித்துப் பதவியிலிருந்து நீக்கியது. முகாமில் இனவெறியை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் அவர். 111 ஆண்டுகள் கழித்து, 2005இல் ராணுவம் தன் பதிவேட்டைத் திருத்தி, அவர் கௌரவத்தோடு விடுவிக்கப்பட்டவர் என்று மாற்றி எழுதியது. இது தவறைத் திருத்தும் கௌரவம். இதற்கு ஒரு உத்தரவு போதும், ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது.

ஆலன்ஸ்வொர்த்துக்குக் கிடைத்தது இடத்தைக் காக்கும் கௌரவம். அது ஒரு நாளில் முடியாது. பூங்காவில் நூலகம், அவர் வீடு, கடைகள், பள்ளி எல்லாம் பழையபடி சீரமைக்கப்பட்டோ மீண்டும் கட்டப்பட்டோ இருக்கின்றன. ஆண்டுதோறும் விழா நடக்கிறது, குடியேறிகளின் வாரிசுகள் வருகிறார்கள். ஆனால் பூங்காவை ஒட்டி இன்றும் மக்கள் வாழும் ஒரு சிற்றூர் இருக்கிறது. பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், பண்ணை வேலை செய்யும் குடும்பங்கள். ஆர்செனிக் கலந்த குடிநீர் பல பத்தாண்டுகளாக அவர்களின் பிரச்சினை. 2023 மார்ச் மாதம் வெள்ளம் வந்து, வறண்டுபோயிருந்த துலாரி ஏரி மறுபடி நிரம்பியபோது, அந்த மக்கள் தாங்களே மண் கொட்டிக் கரை கட்டி ஊரைக் காக்கப் போராடினார்கள். போதகரை உண்மையாகவே கௌரவிக்க நினைக்கும் அரசு, அவர் பெயர் தாங்கிய ஊரின் குழாயிலிருந்து தொடங்கலாம். 1914இல் அவர் தீர்க்காமல் விட்டுப்போன பிரச்சினையும் தண்ணீர்தான்.

பூங்காவுக்குப் போகிறவர்கள் பார்க்கவேண்டிய கட்டடம் எது என்று கேட்டால், பள்ளியைத்தான் சொல்வேன். 1912இல் கட்டப்பட்டது, ஊர் தேய்ந்தபின்னும் 1972 வரை அதில் பிள்ளைகள் படித்தார்கள். இப்போது 1915இன் ஒரு பள்ளி நாளில் இருந்ததைப் போல அதை வைத்திருக்கிறார்கள், மேசைகள் வரிசையாக, பாடம் தொடங்கப்போகிற மாதிரி.